அமெரிக்கத் தேர்தல் பணக் கணக்கைக் கொழும்பிலிருந்து வாசிப்பது எப்படி

அமெரிக்க வேட்பாளர் ஒருவரின் பிரசாரக் குழு "இந்தக் காலாண்டில் இத்தனை மில்லியன் டொலர் திரட்டினோம்" என்று ஊடகங்களுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். மறுநாள் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளின் வெளிநாட்டுப் பக்கத்தில் அது தலைப்பாகிவிடும். அதில் கடன் எவ்வளவு, கட்சிக்குப் போனது எவ்வளவு, இரண்டு தடவை எண்ணப்பட்டது எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. கேட்பதற்கு வாஷிங்டனில் நிருபர் வைத்திருக்கத் தேவையில்லை. மூலக் கணக்கு முழுவதும் சமஷ்டித் தேர்தல் ஆணைக்குழுவின் (எஃப்.ஈ.சி.) இணையத்தளத்தில் கடவுச்சொல்லோ கட்டணமோ இல்லாமல் கிடக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு மடிக்கணினியும் சுமாரான இணைய இணைப்பும் உள்ள எவரும் திறந்து பார்க்கலாம். திறந்த பிறகு எந்த எண்ணை எதனோடு கூட்டக்கூடாது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான முறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று புரியும். இலங்கையில் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் செலவுக்கு உச்சவரம்பு போடுகிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று வைத்து, பதிவான 1 கோடியே 71 இலட்சத்து 40,354 வாக்காளர்களால் பெருக்கி, ஒரு வேட்பாளர் 186 கோடியே 82 இலட்சத்து 98,586 ரூபாய் வரை செலவிடலாம் என்று நிர்ணயித்தார்கள். செலவறிக்கை வருவதோ முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள். அதாவது வாக்களிக்கும்போது வாக்காளனுக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் இது தலைகீழ். 1976 இல் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உயர் நீதிமன்றம் செலவு உச்சவரம்பை நீக்கிவிட்டது. கொடுப்பதற்குத்தான் வரம்பு, வந்ததையும் போனதையும் பிரசாரம் நடக்கும்போதே பகிரங்கப்படுத்த வேண்டும். பொது நிதியை ஏற்கும் ஜனாதிபதி வேட்பாளருக்கு மட்டும் செலவு வரம்பு உண்டு. 2008 இல் ஜோன் மெக்கெய்னுக்குப் பிறகு பெரிய கட்சி வேட்பாளர் எவரும் பொதுத் தேர்தலுக்கு அந்தப் பணத்தைத் தொடவில்லை.

முதலில் குழு, பிறகு ஆள்

ஆளின் பெயரைத் தேடி, வந்த முதல் எண்ணை எழுதிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. அமெரிக்கச் சட்டப்படி பணத்தை வாங்குவதும் செலவழிப்பதும் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஆங்கிலச் 'சீ' எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க அடையாள எண் உண்டு. வேட்பாளரின் எண் வேறு: பிரதிநிதிகள் சபைக்கு 'எச்', செனட் சபைக்கு 'எஸ்', ஜனாதிபதிப் பதவிக்கு 'பீ' என்று தொடங்கும். ஒரே ஆள் இரண்டு பதவிகளுக்கு வெவ்வேறு காலத்தில் போட்டியிட்டால் இரண்டு எண்கள் இருக்கும். இலினோய் மாநிலத்திலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவான ராஜா கிருஷ்ணமூர்த்தி 2025 இல் செனட் சபைக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். அவரைப் போன்றவர்களின் பக்கத்தில் எந்தப் பதவிக்கான கணக்கைப் பார்க்கிறோம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய குழுவிலிருந்து புதிய குழுவுக்குப் பணத்தை மாற்றலாம். அப்படி மாற்றியது புதிய குழுவின் கணக்கில் வரவாகத்தான் தெரியும். அதைப் புதிதாகத் திரட்டிய பணம் என்று எழுதினால் செய்தி பிழை.

ஆகவே செய்ய வேண்டியது இது. வேட்பாளர் பக்கத்தைத் திறந்து, அதில் குறிப்பிடப்பட்டுள்ள பிரதான பிரசாரக் குழுவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரோடு தொடர்புடைய கூட்டு நிதிதிரட்டும் குழுக்களையும் (பல குழுக்களுக்காக ஒன்றாகப் பணம் வாங்கிப் பகிர்பவை), சக அரசியல்வாதிகளுக்குக் கொடுப்பதற்காக அவர் வைத்திருக்கும் 'லீடர்ஷிப் பேக்'கையும் (பேக் என்பது அரசியலுக்குப் பணம் திரட்டிச் செலவழிக்கும் குழு) தனித்தனியாக எழுதுங்கள். அவரிடமிருந்து தனித்து நின்று, வரம்பில்லாமல் பணம் வாங்கி அவருக்கு ஆதரவாகச் செலவழிக்கும் சூப்பர் பேக் அந்தப் பட்டியலில் வராது. சட்டத்தின் கண்ணில் அது அவருடைய குழு இல்லை.

தேடியும் எதுவும் வரவில்லையென்றால், அவர் சமஷ்டிப் பதவிக்குப் போட்டியிடாதவராக இருக்கலாம். நியூயோர்க் மேயர் சொஹ்ரான் மம்தானியின் மேயர் தேர்தல் கணக்கு எஃப்.ஈ.சி.யில் இல்லை, நியூயோர்க் நகரப் பிரசார நிதிச் சபையில் இருக்கிறது. ஆளுநர், மாநில சட்டசபை, நகரசபை என்று எல்லாம் அந்தந்த மாநிலம் அல்லது நகரத்தின் தளங்களில்தான். கலிபோர்னியாவுக்கு 'கல்-அக்செஸ்' என்று ஒன்று. பாவிப்பதற்குப் பொறுமை வேண்டும்.

எந்த நாள், எத்தனை மணிக்கு

காலாண்டு அறிக்கைகள் ஏப்ரல் 15, ஜூலை 15, ஒக்டோபர் 15 ஆகிய திகதிகளில் வரும். ஆண்டிறுதி அறிக்கை ஜனவரி 31 இல். மாதாந்தம் தாக்கல் செய்யும் குழுக்களுக்கு மாதத்தின் 20 ஆம் திகதி. பெரும்பாலானோர் கடைசி மணித்தியாலத்தில்தான் ஏற்றுவார்கள். வாஷிங்டனின் நள்ளிரவு, கோடை நேரம் நடைமுறையில் இருக்கும்போது கொழும்பில் காலை 9.30, குளிர்காலத்தில் காலை 10.30. ஆகவே ஜூலைக் கணக்குக்கு 16 ஆம் திகதி காலை பத்து மணிக்கு உட்காருங்கள், ஜனவரிக் கணக்குக்கு பெப்ரவரி முதலாம் திகதி பதினொரு மணிக்கு. 15 ஆம் திகதி மாலையே தேடிவிட்டு "இன்னும் தாக்கல் செய்யவில்லை" என்று எழுதினால், அங்கே அப்போதுதான் காலை விடிந்திருக்கும்.

தேர்தல் நெருங்கும்போது இன்னொரு அறிக்கை வரும். வாக்களிப்புக்கு 12 நாள் முன்னர் அதைத் தாக்கல் செய்ய வேண்டும், ஆனால் அதில் 20 நாள் முன்னர் வரையான கணக்குத்தான் இருக்கும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு இதைப் பொருத்தினால், ஒக்டோபர் 14 வரையான கணக்கு ஒக்டோபர் 22 இல் வர வேண்டும். ஒக்டோபர் 15 முதலான பணம், தேர்தலுக்குப் பிந்திய 30 ஆம் நாளான டிசம்பர் 3 இல்தான் முழுமையாகத் தெரியும். இந்த இடைவெளியை நிரப்ப, வேட்பாளர் குழுக்கள் 1,000 டொலரோ அதற்கு மேலோ வாங்கினால் 48 மணித்தியாலத்துக்குள் படிவம் 6 போட வேண்டும். சூப்பர் பேக்குகளுக்கு வரவு பற்றிய இந்தக் கடமை இல்லை. ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு முளைக்கும் சூப்பர் பேக்குகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

தளத்தின் தரவுப் பக்கத்தில் 'ரோ' என்றும் 'புரொசெஸ்ட்' என்றும் இரண்டு தெரிவுகள் இருக்கும். முதலாவது தாக்கலான உடனே வருவது. இரண்டாவது ஊழியர்கள் வகைப்படுத்திய பிறகு சில நாட்களில் வருவது. அன்றே செய்தி எழுத முதலாவது, ஆய்வுக்கு இரண்டாவது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

முகப்பிலேயே இருக்கும் நாலு எண்கள்

பிரதிநிதிகள் சபை, செனட் சபை வேட்பாளர்களுக்குப் படிவம் 3. ஜனாதிபதி வேட்பாளருக்கு 3பீ. கட்சிகளுக்கும் பேக்குகளுக்கும் 3எக்ஸ். செனட் வேட்பாளர்கள் 2018 வரை கடதாசியில்தான் கொடுத்தார்கள். பழைய செனட் கணக்கைத் தேடுபவர் ஸ்கான் செய்த பக்கங்களோடு மல்லுக்கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

படிவம் 3 இன் முதல் பக்கங்களில் வரி 6 நிகர நன்கொடை, வரி 7 நிகரச் செயற்பாட்டுச் செலவு, வரி 8 கையிருப்பு, வரி 10 குழு கொடுக்க வேண்டிய கடன். ஊடக அறிக்கையில் 'திரட்டியது' மட்டும்தான் இருக்கும். வரி 8 ஐயும் 10 ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிரசாரம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். பிறகு விரிவான பக்கத்துக்குப் போய் 11 ஆம் வரியைப் பிரியுங்கள். 11(ஏ)(1) பெயர் விபரத்தோடு உள்ள தனிநபர் நன்கொடை. 11(ஏ)(2) ஒருவர் மொத்தம் 200 டொலரைத் தாண்டாததால் பெயர் சொல்லத் தேவையில்லாத சிறு தொகைகள். 'சாமானியர்களின் வேட்பாளர்' என்று சொல்லிக்கொள்பவரை அளக்க இந்த இரண்டாவது எண்ணை முதலாவதோடு ஒப்பிட்டாலே போதும். 12 ஆம் வரி வேறு குழுக்களிலிருந்து மாற்றியது. 13(ஏ) வேட்பாளரே கொடுத்த அல்லது உத்தரவாதம் அளித்த கடன். சொந்தப் பணத்துக்கு வரம்பே இல்லை. அதைக் 'கடன்' என்று பதிந்துவைத்தால், வென்ற பிறகு நன்கொடையாளரின் பணத்திலிருந்து திருப்பி எடுக்கலாம். அப்படி எடுப்பதற்கு இருந்த 250,000 டொலர் வரம்பையும் 2022 இல் செனட்டர் டெட் குரூஸ் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. வென்றவருக்கு மறுநாள் கொடுக்கும் பணம் அவருடைய சொந்தப் பைக்கே போகிறது என்பதால், 13(ஏ) இல் பெரிய தொகை கண்டால் தேர்தலுக்குப் பிந்திய அறிக்கைகளையும் விடாமல் பாருங்கள்.

ஒரு பொறி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிரல்கள் உண்டு. முதலாவது இந்த அறிக்கைக் காலத்துக்கு மட்டும். இரண்டாவது நிரல் படிவம் 3 இல் தேர்தல் சுற்று முழுவதற்கும், 3எக்ஸ் இல் அந்த நாட்காட்டி ஆண்டுக்கு மட்டும். வேட்பாளரின் இரண்டாம் நிரலையும் கட்சியின் இரண்டாம் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வரைபடம் கீறினால், இரண்டு வருடத்தை ஒரு வருடத்தோடு ஒப்பிட்டதாகிவிடும்.

ஒரே டொலரை இரண்டு தடவை எண்ணுவது

பிழைகளில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது.

2025–26 சுற்றில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டொலர் கொடுக்கலாம். கட்சியின் முதனிலைத் தேர்தல் ஒன்று, பொதுத் தேர்தல் இன்னொன்று. ஆகவே 7,000 டொலருக்கு ஒரே காசோலை சட்டபூர்வமானதுதான். கணக்கில் அது 7,000 என்று ஒரு வரியாகவும், பிறகு மறை 3,500 என்றும், நேர் 3,500 என்றும் பிரிந்து வரலாம். தம்பதியரின் கூட்டுக் காசோலையைப் பிரித்துப் பதியும்போதும் இப்படித்தான் வரும். "வரம்பை மீறி நன்கொடை" என்று எழுதுவதற்கு முன் மறை எண் வரிகளைத் தேடுங்கள். உண்மையிலேயே மிஞ்சியிருந்தாலும், மறுபிரிப்புச் செய்யவோ திருப்பிக் கொடுக்கவோ பொருளாளருக்கு 60 நாள் அவகாசம் உண்டு.

அடுத்தது ஆக்ட்புளூ, வின்ரெட். முதலாவது 2004 முதல் ஜனநாயகக் கட்சிக்காரருக்கு, மற்றது 2019 முதல் குடியரசுக் கட்சிக்காரருக்கு இணைய வழியில் நன்கொடை சேர்த்துக் கொடுக்கிறது. இரண்டும் வாங்கிக் கைமாற்றுகிற தபால்காரர்கள் மாதிரி. கொடுத்தவர் பெயர் ஆக்ட்புளூவின் அறிக்கையிலும் வரும், 200 டொலரைத் தாண்டினால் வேட்பாளரின் அறிக்கையிலும் வரும். எல்லாக் குழுக்களையும் சேர்த்துக் கூட்டினால் அந்தப் பணம் இரட்டிப்பாகும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. எவ்வளவு சிறிய தொகையானாலும் இந்தத் தளங்களின் அறிக்கையில் பெயர் இருப்பதால், 25 டொலர் கொடுத்தவரையும் அங்கே காணலாம்.

மூன்றாவது, கூட்டு நிதிதிரட்டும் குழு. 2024 ஏப்ரலில் ட்ரம்புக்காக நடந்த இராப்போசன விருந்தொன்றுக்கான அழைப்பிதழில் மேல்மட்டத் தொகை 814,600 டொலர். 'ட்ரம்ப் 47 கமிட்டி' என்ற குழுவுக்கு ஒரே காசோலை. ஒரு வேட்பாளருக்கு இவ்வளவு கொடுக்க முடியாதே என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் சட்டத்தின் நுணுக்கம் தெரியும். அன்றைய வரம்பு ஒரு தேர்தலுக்கு 3,300. இரண்டு தேர்தலுக்கு 6,600 ட்ரம்பின் பிரசாரத்துக்கு. அடுத்த 5,000 அவருடைய 'சேவ் அமெரிக்கா' பேக்குக்கு. அதற்கடுத்த 413,000 கட்சியின் தேசியக் குழுவுக்கு: சாதாரணக் கணக்குக்கு 41,300, அதோடு மாநாடு, தலைமையகக் கட்டடம், சட்டச் செலவு என்ற மூன்று சிறப்புக் கணக்குகளுக்கு 123,900 வீதம். இந்தச் சிறப்புக் கணக்குகளை 2014 டிசம்பரில் ஒரு வரவுசெலவுச் சட்டத்துக்குள் செருகித் தந்தது காங்கிரஸ். மிச்சம் 390,000; மாநிலக் கட்சி ஒன்றுக்கு 10,000 வீதம் 39 கட்சிகளுக்குரிய பங்கு. கூட்டிப் பாருங்கள், சரியாக 814,600 வரும்.

கணக்கில் இதைக் காண்பது இப்படி. வரவுகளைப் பெயர் விபரத்தோடு பட்டியலிடுவது அட்டவணை ஏ; கூட்டுக் குழுவின் அட்டவணை ஏ-யில் முழுத் தொகையும் ஒரு வரி. வேட்பாளர் குழுவின் அட்டவணையில் கூட்டுக் குழுவிலிருந்து வந்த மாற்றம் ஒரு வரி, அதன் கீழே யாருடைய பணம் என்று காட்டும் 'மெமோ' வரிகள். மெமோ என்று குறியிட்ட எதையும் கூட்டக்கூடாது; அவை விளக்கம் மட்டும். பதிவிறக்கிய கோப்பில் மெமோ நிரலில் 'எக்ஸ்' உள்ள வரிகளை வடிகட்டி ஒதுக்கிவிட்டுக் கூட்டுங்கள். ஆனால் அழித்துவிடாதீர்கள். யார் கொடுத்தார் என்ற கேள்விக்குப் பதில் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

சூப்பர் பேக்: உள்ளே வருவதும் வெளியே போவதும்

2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் சுயாதீனமாகச் செலவழிக்கும் உரிமையைக் கொடுத்தது. அதே ஆண்டு ஸ்பீச்நவ் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், சுயாதீனமாக மட்டும் செலவழிக்கும் குழுவுக்குக் கொடுப்பதற்கு வரம்பு கிடையாது என்றது. சூப்பர் பேக் பிறந்தது இந்த இரண்டும் சேர்ந்துதான். வேட்பாளருக்கு நேரடியாக ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. மற்றபடி வாங்கும் தொகைக்கோ சுயாதீனச் செலவுக்கோ வரம்பு இல்லை. நியூயோர்க் நீதிமன்றத்தில் ட்ரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த மறுநாள், 2024 மே 31 அன்று, திமொதி மெலன் என்ற செல்வந்தர் ட்ரம்ப் ஆதரவு சூப்பர் பேக் ஒன்றுக்கு 50 மில்லியன் டொலர் கொடுத்தார். 3எக்ஸ் படிவத்தின் அட்டவணை ஏ-யில் ஒரே ஒரு வரி அது.

செலவைப் பார்க்க அட்டவணை ஈ. எந்த வேட்பாளருக்கு ஆதரவாக அல்லது எதிராக, எந்தக் கம்பனிக்கு, எந்தத் திகதியில், எவ்வளவு என்று இருக்கும். ஒரு தேர்தல் போட்டியில் செலவு 10,000 டொலரை எட்டினால் 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். கடைசி 20 நாட்களில் 1,000 டொலரே போதும், 24 மணித்தியாலத்துக்குள். இந்த அவசர அறிக்கையில் வந்த தொகை பிறகு வழமையான அறிக்கையிலும் வரும், ஆகவே இரண்டையும் கூட்டக்கூடாது. 'எதிராக' என்ற குறியையும் கவனியுங்கள். ஒரு வேட்பாளரின் பக்கத்தில் பெரிய தொகை தெரிந்தால் அது அவரைத் தாக்கச் செலவழித்ததாகவும் இருக்கலாம்.

தடயம் அறுந்துபோகும் இடம்

அட்டவணை ஏ-யில் கொடுத்தவர் பெயருக்குப் பதிலாக, கேள்விப்படாத ஒரு சங்கமோ வரையறுக்கப்பட்ட கம்பனியோ இருந்தால், எஃப்.ஈ.சி. உங்களுக்கு அதற்கு மேல் உதவாது. 501(சீ)(4) வகைச் சமூகநலச் சங்கங்கள் தங்கள் நன்கொடையாளரைப் பகிரங்கப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் வருமான வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் படிவம் 990 மட்டும் கிடைக்கும். புரோபப்ளிகாவின் இலாபநோக்கற்ற நிறுவனத் தேடுதளத்தில் அது இலவசம். நாட்காட்டி ஆண்டுக் கணக்கு மே 15 இல் வர வேண்டும். நீடிப்புக் கேட்டால் நவம்பர் 15. நவம்பரில் நடந்த தேர்தலின் பணத்தை அடுத்த நவம்பரில்தான் காண்பீர்கள்.

கொடுத்தவரைத் தேட வழியில்லாதபோது வாங்கியவர் பக்கமிருந்து தேடலாம். 990 இன் அட்டவணை 'ஐ' அந்தச் சங்கம் யாருக்கு மானியம் கொடுத்தது என்று சொல்லும். ஐந்தாறு சங்கங்களின் அந்த அட்டவணைகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், இவருடைய செலவு அவருடைய வரவாகப் பொருந்தும். எப்போதும் பொருந்தாது. பாரே செயிட் என்ற தொழிலதிபர் தன் கம்பனிப் பங்குகளாக 1.6 பில்லியன் டொலரை 'மார்பிள் பிரீடம் டிரஸ்ட்' என்ற அமைப்புக்குக் கொடுத்தது 2021 இல். அது வெளியே வந்தது 2022 இல், ஊடகங்களால். எந்தப் பொதுப் படிவத்திலும் அவர் பெயர் இல்லை.

பட்டியலில் இலங்கை

கொழும்பு வாசகருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி எஃப்.ஈ.சி.யில் இல்லை. நீதித் திணைக்களத்தின் வெளிநாட்டு முகவர் பதிவுத் தளத்தில் இருக்கிறது. 1938 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டு அரசுக்காக அமெரிக்காவில் செல்வாக்குத் தேடுபவர் ஒப்புக்கொண்டு 10 நாட்களுக்குள் பதிய வேண்டும். தளத்தில் நாட்டின் பெயரால் தேடலாம். இலங்கையைத் தெரிவுசெய்து, செயலில் உள்ள பதிவுகளோடு முடிவடைந்தவற்றையும் திறவுங்கள். சுவையானவை பெரும்பாலும் முடிவடைந்தவற்றில்தான். 'எக்சிபிட் பீ' என்பதுதான் ஒப்பந்தம்: மாதக் கட்டணம், காலம், கையெழுத்திட்டவர் எல்லாம் அதில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் துணை அறிக்கையில் எந்தக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தோடு எந்தத் திகதியில் தொடர்புகொண்டார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதே அறிக்கையில் 15(சீ) என்ற பகுதி, அந்தக் காலத்தில் முகவர்கள் கொடுத்த அரசியல் நன்கொடைகள். இந்த இரண்டு பட்டியல்களையும் திகதிவாரியாக ஒரே தாளில் அடுக்குங்கள். சந்திப்புக்கு முன்னும் பின்னும் யாருக்கு என்ன போனது என்று தெரியும். அதுவே இலஞ்சம் என்று எழுத முடியாது. கேள்வி கேட்பதற்கு அது போதும்.

படிவத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பக் கூடாது என்பதற்கு உதாரணமும் நம் நாட்டோடுதான் சம்பந்தப்பட்டது. கலிபோர்னியாவைச் சேர்ந்த இமாட் சுபேரி, 2014 இல் இலங்கை அரசின் பெயரை வாஷிங்டனில் சீர்செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். இலங்கை கொடுத்தது 6.5 மில்லியன் டொலர். அதில் 5.65 மில்லியனுக்கு மேல் அவருக்கும் மனைவிக்கும் பயன்பட்டதாகவும், பரப்புரையாளருக்கும் சட்டத்தரணிகளுக்கும் போனது 850,000 டொலருக்குக் குறைவு என்றும் வழக்குத் தொடுநர்கள் சொன்னார்கள். முகவர் பதிவில் பொய் சொன்னது, வரி ஏய்ப்பு, சட்டவிரோதப் பிரசார நன்கொடை ஆகியவற்றை ஒப்புக்கொண்டு, 2021 பெப்ரவரியில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தத் தண்டனையை ட்ரம்ப் 2025 இல் குறைத்துவிட்டார். நம் திறைசேரிப் பணம் போன வழியை அறிய அமெரிக்க நீதிமன்ற ஆவணம்தான் வேண்டியிருந்தது.

பொய்க் கணக்கின் மணம் சில நேரம் எண்களிலேயே அடிக்கும். 200 டொலருக்கு மேற்பட்ட செலவுக்குப் பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பிரதிநிதிகள் சபையிலிருந்து பின்னர் வெளியேற்றப்பட்ட ஜோர்ஜ் சன்டோஸின் 2022 கணக்கில் 199.99 டொலர் என்ற செலவு டசின் கணக்கில் இருந்தது. சாப்பாட்டுக்கடை, ஹோட்டல், வாடகைக்கார் எல்லாமே 199.99. செலவுகளைப் பட்டியலிடும் அட்டவணை பீ-யைத் திறந்தால் தொகை நிரலை ஒருமுறை ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள். எல்லைக்கு ஒரு சதம் கீழே கூட்டமாக நிற்கும் எண்கள் கண்ணில் படும்.

எக்செல் செய்யும் அநியாயம்

தளத்திலிருந்து ஒரு தடவையில் 500,000 வரிகள் வரைதான் இறக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மொத்தத் தரவுக் கோப்பு. ஒரு சுற்றின் தனிநபர் நன்கொடைக் கோப்பு பல கிகாபைட், ஆகவே தொலைபேசி டேட்டாவில் இறக்காதீர்கள். எக்செல் 1,048,576 வரிகளோடு நின்றுவிடும். மிச்சத்தை வெட்டிவிட்டுத் திறக்கும். திறக்கும்போது வரும் எச்சரிக்கையைத் தட்டிவிட்டால் கூட்டுத்தொகை குறைவாக வந்தது தெரியவே வராது. எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். நிரல்களைப் பிரிப்பது கொமா இல்லை, நிமிர்ந்த கோடு.

திகதி இன்னும் மோசம். அமெரிக்கர் மாதத்தை முன்னால் போடுவார்கள். இலங்கையில் பாவிக்கும் கணினி நாளை முன்னால் எதிர்பார்ப்பதால் ஏப்ரல் 7 ஜூலை 4 ஆகிவிடும். 12 க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் எழுத்தாக நின்று காட்டிக்கொடுக்கும். மொத்தத் தரவுக் கோப்பில் திகதி எட்டு இலக்கங்களாக ஒட்டியிருக்கும். எக்செல் முன்னால் உள்ள சைபரைத் தின்றுவிட்டால் 01152024 என்பது 1152024 ஆகும். அந்த நிரலையும் தபால் குறியீட்டு நிரலையும் 'டெக்ஸ்ட்' என்று அறிவித்த பிறகே திறக்க வேண்டும்.

பெயர்களைத் தேடும்போது குடும்பப் பெயர் முன்னால். தமிழ்ப் பெயர்களில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் மாறி மாறிக் குடும்பப் பெயராகப் பதிந்திருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டலும் சாதாரணம். நகரம், தொழில், வேலை செய்யும் இடம் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே ஆள் என்று கொள்ளுங்கள். தொழில் நிரலில் 'விபரம் கேட்கப்பட்டுள்ளது' என்று இருந்தால் பொருளாளர் 30 நாட்களுக்குள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். திருத்திய அறிக்கையில் பதில் வந்திருக்கலாம்.

கேள்விக் கடிதங்கள்

ஆணைக்குழுவில் ஆறு இடங்கள், ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் இருக்க முடியாது, முக்கிய முடிவு எதற்கும் நாலு வாக்கு வேண்டும். 2025 மே தொடக்கத்தில் கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லாமல் போனது. 2019 இலும் 2020 இலும் கூட அப்படி நடந்திருக்கிறது. கோரம் இல்லாதபோது அபராதம் போடவோ, விதி திருத்தவோ, ஆலோசனைக் கருத்து வழங்கவோ முடியாது. கணக்குகள் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஊழியர்களும் அறிக்கையில் முரண்பாடு கண்டால் குழுவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள், பதிலுக்கு 35 நாள் தவணை. அந்தக் கடிதங்கள் குழுவின் 'பைலிங்ஸ்' பக்கத்தில் கிடைக்கும். எந்த வரி கூட்டுத்தொகைக்குப் பொருந்தவில்லை, எந்த நன்கொடை வரம்பை மீறியது என்று நிபுணரே குறித்துத் தந்த பட்டியல் அது. நேரம் குறைவென்றால் முதலில் இதைத் திறவுங்கள்.

கொழும்பில் இருப்பவர் செய்யக்கூடாதவை

அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ (கிரீன் கார்ட்) இல்லாதவர் அமெரிக்காவின் எந்தத் தேர்தலுக்கும், மாநிலம் நகரம் உட்பட, பணம் கொடுக்கக்கூடாது. பிரசாரக் கடையில் தொப்பியோ டீசேர்ட்டோ வாங்குவதும் முழுத் தொகைக்கும் நன்கொடையாகவே எண்ணப்படும். நியூ ஜேர்சியில் இருக்கும் அண்ணாவுக்குக் காசு அனுப்பி அவர் பெயரில் கொடுக்கச் சொன்னால் குற்றம் இரண்டு: வெளிநாட்டுப் பணம் ஒன்று, மற்றவர் பெயரில் கொடுத்தது இன்னொன்று. அண்ணாவும் சேர்ந்து மாட்டுவார். சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்யலாம். பணம் எங்கே போக வேண்டும் என்ற முடிவில் மட்டும் வாய் வைக்கக்கூடாது. இரட்டைக் குடியுரிமையோடு கொழும்பில் வசிப்பவர் தாராளமாகக் கொடுக்கலாம். வெளிநாட்டு முகவரி என்பதால் செல்லுபடியான அமெரிக்கக் கடவுச்சீட்டின் பிரதியைக் குழு கேட்கும். காசாக 100 டொலருக்கு மேல் கொடுக்க முடியாது.

எஃப்.ஈ.சி. பட்டியலில் உள்ள தனிநபர்களின் பெயர் முகவரிகளை எடுத்து நிதி கேட்கவோ வியாபாரத்துக்கோ பாவிப்பது தடை. புலம்பெயர் தமிழரின் பெயர்களை அதிலிருந்து பொறுக்கி, கோவில் திருப்பணிக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதும் அதற்குள்தான் வரும். பொய்ப் பெயர்களைச் செருகிவைத்து இதைக் கண்டுபிடிக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது: ஒவ்வொரு அறிக்கையிலும் குழுக்கள் பத்துக் கற்பனைப் பெயர்கள் வரை சேர்க்கலாம். அந்தப் பெயருக்கு உங்கள் கடிதம் போனால் பட்டியல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் குழு எண், அறிக்கையின் பெயர், வரி, தாக்கல் இலக்கம், பார்த்த திகதி ஆகியவற்றைக் குறித்து, அந்தப் பக்கத்தின் பீடிஎஃப் பிரதியையும் சேமித்துவையுங்கள். குழுக்கள் ஒரே அறிக்கையை மூன்று நாலு தடவை திருத்துவது வழமை. இன்று நீங்கள் எழுதிய எண்ணை அடுத்த மாதம் யாராவது தேடினால், திருத்திய அறிக்கையில் அது இல்லாமலும் இருக்கலாம்.